வெயில் காயப் போனோம்

தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தும் ஒரு சொட்டு விழாத காலையில்தான் அம்மா முதன்முதலாக அழுதாள். எனக்கோ அது பெரிய வேடிக்கையாக இருந்தது. எங்கள் சொந்த ஊரான மணலூர்பேட்டையில் எண்ணெய் எப்போதும் எண்ணெயாகவே இருந்தது. இங்கே அது மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து, பாட்டிலுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அம்மா ஒரு குச்சியை விட்டுக் குடைந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து என் தலையில் பூசினாள். பூசிக்கொண்டே அழுதாள். எண்ணெய்க்காக யாராவது அழுவார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் கல்வராயன் மலைக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கீழே அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர்கள். வெட்டுவதற்கு மெஷின் வந்த பிறகு ஆட்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது. அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர், அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகக் கரியாலூரில் நான்கைந்து அறைகள் கட்டிவிட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு குடும்பத்தைத் தேடினார். அம்மா அறைகளைப் பெருக்கித் துடைக்க வேண்டும், அப்பா காவல் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வீடு கொடுத்தார். ஆடி மாதத்தில் வந்து இறங்கினோம்.

"ஏசி ரூமு மாதிரி இக்கிது பாரு" என்றார் அப்பா. அம்மாகூடச் சிரித்தாள். ஆடியில் அது சிரிக்கக்கூடிய குளிராகத்தான் இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மேகம் இறங்கிவந்து எங்கள் வாசலிலேயே படுத்துக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் எதிரே இருந்த பலாமரம் இருக்காது. பார்த்துக்கொண்டே நின்றால் முதலில் அடிமரம் வரும், அப்புறம் ஒரு கிளை வரும், அப்புறம் மறுபடியும் எல்லாமே போய்விடும். பள்ளிக்கூடம் போகிற வழியில் மற்ற பிள்ளைகளின் குரல்தான் முதலில் வந்து சேரும். பிறகு கால்கள். முகங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆட்டு மணிச் சத்தம் கேட்கும், ஆடு எங்கே என்று தெரியாது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பாதையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் அந்த வெள்ளைக்குள் நின்றுகொண்டு, "நான் இல்லியே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. பீடி இல்லாமலே பீடி குடிக்க முடிகிற ஊருக்கு அப்பா எங்களைக் கூட்டி வந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு அதே ஊர் வேறு மாதிரி இருந்தது. ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுந்தது. துவைத்த துணி கொடியில் கிடந்து கிடந்து நாற்றம் எடுத்ததே ஒழிய காயவில்லை. கடைசியில் அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். நாங்கள் எல்லோரும் புகை வாசனையோடு திரிந்தோம். பனிக்கட்டி மாதிரியான தண்ணீரில் அறைகளைத் துடைத்துத் துடைத்து அவள் விரல்கள் வெடித்தன. தீக்குச்சி பற்றவில்லை. உப்பு தண்ணீராக ஓடியது. மாவு பொங்கவில்லை.

மாவுதான் அம்மாவை மிகவும் அவமானப்படுத்தியது. கீழே அவள் சுடுகிற இட்லியை மாமா வீட்டுக்குக்கூடக் கொடுத்தனுப்புவது வழக்கம். பக்கத்து வீட்டில் ஒரு மலைக்கார அம்மா இருந்தார். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அந்தக் குளிரிலும் வெறுங்காலோடு, ஒரு நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு, சாமைக் கதிர் கட்டைத் தலையில் சுமந்து போவார். அவர்தான் வந்து பார்த்துவிட்டு, "மாவுக்கும் போத்தி உடணும் தங்கச்சி, புள்ளைக்குப் போத்துற மாதிரி" என்றார். அம்மா மாவுப் பானையை அப்பாவின் பழைய லுங்கியில் சுற்றி, மேலே சாக்குப் போர்த்தி, அடுப்போரமாக வைத்தாள். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வைத்தது வைத்தபடியே கிடந்தது.

"இந்த ஊருல மாவுகூட எழுந்துக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா. அதற்கும் நான் சிரித்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நடக்க ஆரம்பிக்காத வயது. மார்கழியில் அவனுக்குச் சளி பிடித்து மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவன் நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்திருப்பதுபோலச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அந்தப் பூனையைக் கேட்கத்தான் ஓடுவேன். அம்மா அவனைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் அப்பா சொன்னார்: "பொங்கல் வரிக்கும் பொறுத்துக்கோ. தை பொறந்தா வெயிலு வந்துடும்."

"பொங்கல் வரிக்கும் புள்ள இருக்கணுமில்ல?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து வெளியே போனார். பொங்கலுக்கு முன்னாலேயே தம்பி எங்கே போகப்போகிறான், அவனை யார் கூட்டிப்போவார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நடக்கவே தெரியாதே அவனுக்கு.

அதற்குச் சில நாட்கள் கழித்து, அப்பா வெள்ளிமலைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது, அம்மா ஒரு கட்டைப் பையில் துணிகளை அடுக்கினாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

"எங்கம்மா போறோம்?"

"வெயில் காயப் போலாம் வா."

பெரியம்மா வாசலில் நின்றிருந்தார். "அவுரு வந்தா கீழ போயிருக்கேன்னு சொல்லிடுங்க" என்று அம்மா அவரிடம் சொன்னாள். "எப்ப வருவ?" என்று அவர் கேட்டதற்கு அம்மா தம்பியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பதில் தெரிந்திருந்ததால் நான் சொன்னேன்: "காஞ்சிட்டு வந்துடுவோம்." பெரியம்மா என் கன்னத்தைத் தடவினார். அவர் கை அடுப்பு மாதிரிச் சூடாக இருந்தது.

பஸ் மேகத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து இறங்கியது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஏதோ ஒரு வளைவில் திரும்பியதும் யாரோ போர்வையை உருவியதுபோல எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. கீழே அணைத் தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. வெயில் முகத்தில் பட்டதும் தம்பி தும்மினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி வரும்வரை அப்படியே இருந்தாள். அங்கே பஸ் மாறி, சங்கராபுரம் வழியாக மணலூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாமா வீடு ஒரே அறை. மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், இப்போது நாங்கள். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. மத்தியானங்களில் அம்மா எங்களைப் பெண்ணையாற்றுக்குக் கூட்டிப்போவாள். தண்ணீர் ஓரமாக மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் மணல். இளஞ்சூடான மணலைக் குவித்து என் கால்களை மூடிவிட்டு, தம்பியைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் எண்ணெய் தடவுவாள். எண்ணெய் ஒழுங்காக ஒழுகியது. பிறகு அவளும் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கொக்குகள் அசையாமல் நிற்கும். தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வரும். அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. வெயில் எங்கள் மூன்று பேரையும் ஒரே பாயில் சுருட்டி வைத்திருந்ததுபோல இருந்தது. ஒருநாள் தம்பியின் நெஞ்சில் காதை வைத்தேன். பூனைக்குட்டி போய்விட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அத்தைக்கு எங்கள் மலையின் மேல் ரொம்ப அக்கறை. தினமும் விசாரிப்பார். "மேல இப்ப குளிரு கம்மி ஆயிருக்குமே?" என்பார் ஒருநாள். "புள்ளைக்கும் நல்லாயிடுச்சி, அவரு அங்க தனியா சோத்துக்கு இன்னா பண்றாரோ பாவம்" என்பார் இன்னொரு நாள். இங்கே இருந்துகொண்டு அப்பாவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று அத்தையை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அத்தை வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அவளே தேய்த்தாள். வாசலையும் அவளே பெருக்கினாள். சாப்பிட மட்டும் கடைசியில் உட்கார்ந்தாள். மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, செல்போனில் ஏதோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு மத்தியானம் தெருப் பிள்ளைகள் கூச்சலிடுகிற சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். பளீரென்ற வெயிலில் அப்பா வந்துகொண்டிருந்தார். உடம்பில் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. முகம் முழுக்க வியர்வை. பின்னால் பிள்ளைகள் கூட்டம்.

"இன்னா மாப்ள, ஊட்டியிலேர்ந்தா வர்ற?" என்றார் மாமா.

அப்பா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குல்லாவைக் கழற்றினார். "இவங்க கீழ வந்ததுலேர்ந்து கழட்டவே இல்ல மச்சான். அப்டியே பஸ் ஏறிட்டேன்." நாங்கள் வந்த பிறகு மலையில் குளிர் ஜாஸ்தியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அப்பா வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதைக் குடிக்காமல், அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஷீட்டுக்கு அடியில வைக்கோல் பரப்பி, பாய வெச்சிக் கட்டிட்டேன். இப்ப சொட்டல. வெள்ளிமலை ஆஸ்பத்திரில கேட்டேன். புள்ளைக்கு மூச்சுக்கு மருந்து இக்கிதாம், தூக்கிக்கினு வரச் சொன்னாங்க. ரூமெல்லாம் நானே துடைச்சிக்கிறேன். நீ தண்ணில கை வெக்காத."

அம்மா சொம்பை அவர் பக்கமாக நகர்த்தினாள். "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா இல்லை என்று தலையாட்டினார். உள்ளே சோற்றுப் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, அத்தையிடம் கேட்காமல், தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து காசெடுத்து என்னை இட்லி வாங்கிவர அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அவளே கட்டைப் பையை எடுத்தாள். புறப்படும்போது அத்தை தன் பிள்ளை போட்டுக் கழித்த கம்பளிச் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, அவனை முத்தமிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதாள். அத்தை நிஜமாகத்தான் அழுதார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரே அறையில் வாழ்கிறவர்களுக்கு அன்பு இல்லாமல் போவதில்லை, இடம்தான் இல்லாமல் போகிறது.

கள்ளக்குறிச்சியில் ஏறிய மலை பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அம்மாவும் நாங்களும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் ஜன்னலோரம் அப்பாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. கண்டக்டர் கூட்டத்தில் புகுந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் பஸ் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது.

"எங்கம்மா போவணும்?"

தம்பியின் காதை மூடிக் கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்காமலே, "வூட்டுக்கு" என்றாள்.

"எல்லாரும் வூட்டுக்குத்தாம்மா போறாங்க. ஊரச் சொல்லு" என்றார் கண்டக்டர்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "கரியாலூரு" என்றாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மலைமேல் இருக்கிற அந்த ஷீட் வீடுதான் எங்கள் வீடு என்று கண்டக்டருக்கு எப்படித் தெரியும்? இந்த வேடிக்கையை அப்பாவும் கேட்டிருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன்.

கேட்டுத்தான் இருந்தார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை இமைக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காட்டெருமையோ மானோ நிற்கிறதாக்கும் என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைதான். அதை எதற்கு அவர் அப்படிப் பார்க்கிறார் என்று ஊர் வந்து இறங்கும்வரை எனக்குப் புரியவில்லை.