கழற்றி மாட்டும் வலை

ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு வீட்டில் சண்டை நடக்குமா என்று கேட்பவர்கள், போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். நான் திறப்பேன், என் வீட்டுக்காரர் மூடுவார். துணிக்கடை வேலை முடிந்து நான் திரும்பும்போது எல்லா ஜன்னலும் அடைத்துக் கிடக்கும். உள்ளே ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அடைத்துப் போட்ட வீடு இட்லிக் கொப்பரைதான். காலை உள்ளே வைத்ததும் என் வாய் சும்மா இருக்காது.

"உங்களுக்கு வேர்க்கவே செய்யாதா?"

"வேர்த்தா தொடச்சுக்கிடலாம். கொசு கடிச்சா தொடைக்க முடியுமா?"

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் பழவங்காடி அருகில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்த சமயத்தில் அவருக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றவர், ஒரு காலையில் நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட்லெட் கவுண்ட் இறங்குகிறது என்று நர்ஸ் வந்து வந்து சொன்னார். பிறகு ஒருவழியாக ஏறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இன்னொரு தடவை வந்தால் இதைவிட மோசமாகலாம், கவனமாக இருங்கள், இது பகலில் கடிக்கிற கொசு என்றார்.

எல்லாருக்கும் சொல்கிற எச்சரிக்கைதான் அது. இவர் மட்டும் தனக்கென்றே சொன்ன தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். உடம்பு தேறியது, நன்றாகச் சாப்பிட்டார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. ஓட்டல் முதலாளி போன் செய்தால் "அடுத்த ஆழ்ச்ச வாறேன்" என்பார். அந்த வாரம் வரும், போகும், இவர் கொசு பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருப்பார். பேட்டில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அன்றைய நாளின் சாதனை அவ்வளவுதான்.

எனக்குக் கொசுவை நினைத்துப் பயமில்லை. கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வீச்சு வீசி, கல் நிறைய தோசை வார்த்துவிட்டு, நடுவில் சப்ளையரையும் கிண்டல் செய்கிற மனுஷன் இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். நான் கத்தியதெல்லாம் அந்தப் பயத்தில்தான். கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வலை அடிக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

மாடியில் குடியிருக்கிற ஹவுஸ் ஓனர் சேச்சி சரி என்றார். வலையும் மரச்சட்டமும் நான் வாங்கி வந்தேன். அடிக்கிற வேலையை அவர் தானே செய்வதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஆசைப்பட்டுக் கையில் எடுத்த முதல் வேலை அது. சட்டத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் திருகாணிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். "இனி எறும்பு வரணும்னாலும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்" என்றார். ஜன்னல் கதவுகளை விரியத் திறந்தோம். வெளிச்சமும் காற்றும் வந்தன. அவர் ஜன்னலோரமாகக் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் அடுக்களையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் புத்தியை என்ன சொல்ல? இங்கே வீட்டு ஜன்னல்களுக்குக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். நடுவில் கம்பி. கம்பிக்கு நடுவே கையை விட்டுத்தான் கதவை இழுத்து மூட வேண்டும், தாழ்ப்பாள் போட வேண்டும். வலையை நாங்கள் அடித்ததோ கம்பிக்கு இந்தப் பக்கம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வலையை முறுக்கியாகிவிட்டது. இனி கை எப்படி வெளியே போகும்? மழை பெய்கிற ஊரில் வருஷக்கணக்காகக் குடியிருக்கிற இரண்டு பேருக்கு இது தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஐப்பசி மழை. எனக்கு லீவு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. இடி இடித்தது, காற்று திரும்பியது, சாரல் நேராகக் கட்டிலுக்கு வந்தது. நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன், விரல்கள் வலையில் போய் முட்டின. அவர் திருப்புளியோடு ஓடி வந்தார். அவ்வளவு பலமாக முறுக்கியிருந்ததில் முதல் திருகாணியின் தலையே வழுக்கிவிட்டது. கட்டிலை இழுத்துப்போட அறையில் இடம் கிடையாது. மெத்தை நனைந்துகொண்டிருந்தது.

"வலையக் கிழிச்சிரட்டா?" என்று கத்தியை எடுத்தேன்.

"தொட்டே, பாத்துக்கோ!" என்றவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் வழியாக மழைக்குள் ஓடினார்.

வீட்டின் அந்தப் பக்கம் சேச்சியின் குரோட்டன்ஸ் செடிகளும் உடைந்த சட்டிகளும் கிடக்கும். கொசுவின் தலைமைச் செயலகம் என்று அவரே பெயர் வைத்த இடம். அங்கே போய் நின்று இரண்டு கதவுகளையும் வெளியிலிருந்து சாத்தினார். அறை இருட்டியது, சாரல் நின்றது. கையை எடுத்தார், காற்று கதவுகளைப் பிடுங்கித் திறந்தது. மறுபடி சாத்தினார். தாழ்ப்பாள் கதவின் உள்பக்கம், நடுவில் வலை இருப்பதால் எனக்கும் எட்டாது, கயிறு கட்டலாம் என்றால் வெளியே கைப்பிடி கிடையாது. ஆகவே என் வீட்டுக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் ஊன்றி அழுத்திக்கொண்டு கொட்டுகிற மழையில் நின்றார்.

மாடியிலிருந்து சேச்சியின் குரல் கேட்டது. "அண்ணா, மழயத்து நின்னு எந்தா செய்யுன்னே?"

"ஜன்னலப் பிடிச்சிட்டு நிக்கேன் சேச்சி!"

"அது எங்கோட்டு ஓடிப்போகும்?"

நான் ஈரக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். கதவுக்கு வெளியே அவரும் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது, சிரிக்கிற கண்ணிலேயே அழுகையும் வந்தது. மழை விடுகிற மாதிரி இல்லை. பிறகு கதவிடுக்கு வழியாக அவர் குரல் வந்தது.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் கெடந்தாம்லா. ராத்திரி எங்கிட்ட தண்ணி கேட்டான். எனக்கு எந்திரிக்க முடியல. விடிஞ்சி பாத்தா கட்டில் காலி. விரிப்பும் மாத்திட்டாவ."

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"கண்ண மூடினா அந்தக் கட்டில்தான் வருது. அடுத்தது நாந்தான்னு தோணுது."

இத்தனை மாதம் இந்த மனுஷன் மனசில் கிடந்தது இதுதானா என்று நினைத்தேன். கூடவே கோபமும் வந்தது. ஏனென்றால் அந்த ஆளை எனக்குத் தெரியும்.

"அவன் எங்கயும் போகல. அவன ஐசியூவுக்கு மாத்தினாங்க, ரெண்டு நாளில வேற வார்டுக்கு வந்துட்டான். அவன் அம்மை கேண்டீன்ல எங்கூட இருந்துதான் சாயா குடிச்சா. நாம டிஸ்சார்ஜ் ஆகும்போ அவன் எந்திரிச்சு நடந்தான்."

கதவிடுக்கு கொஞ்சம் விரிந்தது, அவர் கண் தெரிந்தது.

"உள்ளதா?"

"பின்ன பொய்யா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டியளா?"

ஆறுதலுக்காக நான் கதை கட்டவில்லை. அந்த அம்மா குடித்தது சர்க்கரை போடாத சாயா என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. மழை வெறித்த பிறகு அவர் உள்ளே வந்தார், தலையைத் துவட்டினேன். முழங்கையில் கொசு கடித்த தடிப்பு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அந்த வாரம் முழுக்க அவர் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வரவில்லை.

வலையை எப்படியாவது கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ய வேண்டும் என்று நான் சாலைக் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, "உனக்கு இதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார். எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், அது என் குணத்துக்குப் பெரிய விஷயம். திரும்பி வந்தவர் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கட்டிலில் கொட்டினார். விரல்கணு நீளத்தில் அலுமினியத் துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு ஓட்டை.

"இதுக்குப் பேரு டர்ன் பட்டனாம். காந்தம் வச்சது காட்டினான், ஒட்டுற பட்டை காட்டினான். அதெல்லாம் நம்ம காத்துக்கு நிக்காது."

பழைய திருகாணிகளை எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வலைச்சட்டத்தைச் சுற்றி, ஜன்னல் மரத்தில் இந்தத் துண்டுகளைப் பொருத்தினார். துண்டை உள்பக்கம் திருப்பினால் சட்டத்தின் மேல் படிந்து பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும், சட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒன்றை இறுக்கப் போனபோது தடுத்தார். "முழுசா முறுக்கப்பிடாது. சுத்த இடம் குடுக்கணும்." சொல்வது யார் என்று பார்த்தேன், அவர் முகத்தில் வெட்கமே இல்லை.

அதோடு விடவில்லை. அதே அளவில் இன்னொரு சட்டம் செய்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை அதில் அடித்தார். மழைக்காலம் முழுக்கக் கதவைச் சாத்தி இருட்டில் கிடக்க வேண்டாம், வலையை எடுத்துவிட்டு இதை மாட்டினால் சாரலும் வராது, வெளிச்சமும் போகாது என்றார். வானம் கறுத்தால் இப்போது அவருக்கு உற்சாகம். முதல் துளி விழுவதற்குள் மாற்றிவிடுவார், சில நாள் மழையே வராமல் ஏமாந்துபோவார். சேச்சியும் கூப்பிட்டார். மாடி ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போனவர், அப்படியே மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டு நின்றதைக் கீழேயிருந்து பார்த்தேன்.

ஒருநாள் ஓட்டல் முதலாளியிடமிருந்து போன் வந்தபோது, "நாளைக்கு வாறேன்" என்றார். ஆழ்ச்ச என்று சொல்லவில்லை. நான் எதுவும் கேட்காமல் அவருடைய வேலைச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

காலைப் பலகாரத்துக்கு மாஸ்டர்கள் வெளிச்சம் வருமுன்னே போக வேண்டும். அவர் கதவைத் திறந்து படியிறங்கினார். இத்தனை நாள் போங்க போங்க என்று விரட்டியவள் நான். இப்போது ஓட்டலுக்குப் பின்னால் இருக்கிற ஓடையும் தண்ணீர் டிரம்முகளும் என் கண் முன்னால் வந்தன. கூப்பிட்டு நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

"ஏட்டி, போன வச்சிட்டு வந்துட்டேன்."

பட்டன்களைத் திருப்பி வலைச்சட்டத்தை எடுத்துக் கீழே வைத்தேன். கம்பிக்கு நடுவே போனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தால், கம்பியில் கையை ஊன்றி நின்றுவிட்டார். முதலாளி வைத்த புது ஆள் மாவைப் புளிக்க விட்டுக் கெடுத்திருப்பான் என்றார். கல்லை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கவே மாட்டான் என்றார். சாயங்காலம் ரசவடை கொண்டு வரட்டுமா, சட்னியோடு சாதா வடை போதுமா என்று கேட்டார். செடிப்பக்கமிருந்து கொசுக்கள் வருகிற நேரம் அது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் வலையில்லாமல் திறந்து கிடந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"ரசவடையே கொண்டு வாங்க" என்றேன். அவர் தெருமுனை திரும்பும் வரை வலையை மாட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.