மொட்டைமாடியில் ஓர் உப்பளம்

கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. எதையாவது திறக்கும், இல்லாவிட்டால் மூடும். அந்தத் திங்கட்கிழமை அது மூடியது, கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பெரிய ஓட்டலின் மொட்டைமாடியில் இருந்த ஒரு வால்வை.

ஏசி பிளாண்ட் என் பொறுப்பு. ஐடிஐ படித்த பொம்பளை என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள், இப்போது மெஷின் முனகினாலே எனக்குத்தான் போன் போடுகிறார்கள். கட்டடத்துச் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், மாடியில் இருக்கும் கூலிங் டவரில் மழை மாதிரி விழும். ஃபேன் காற்றை இழுக்க, கொஞ்சம் ஆவியாகும், மீதி ஆறிப்போய் இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு வால்வைத் திறந்து உப்பேறிய தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு, புதுத் தண்ணீர் சேர்ப்போம். எவ்வளவு விட வேண்டும் என்று யாரும் அளந்ததில்லை. எதற்கு வம்பு என்று வருஷக்கணக்காக அது பாதி திறந்தே கிடந்தது. நானும் அப்படியேதான் விட்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும் என்பதால், அத்தனையும் டேங்கர் லாரியில் வந்த நல்ல தண்ணீர்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் அவளைக் கொடுத்திருக்கிறது. அங்கே அவர்களுக்கு வேர்க்கடலை வெள்ளாமை.

"மல்லாட்ட பூ வுட்ற நேரம்டி. மோட்டார் போட்டா கெணறு அரை மணி நேரம் தாங்கல. பக்கத்து நெலத்துக்காரன் போர் போட்டு லாரி லாரியா ஏத்தி உட்றான். எங்க போவுதுன்னு டிரைவர கேட்டேன். உன் ஓட்டலுக்காம்!"

"அது எனக்கெப்படிக்கா தெரியும்?"

"இப்போ தெரிஞ்சுச்சு இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அதனால்தான் மறுநாள் வால்வை இறுக்கி மூடினேன். நாங்கள் மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்தவர்கள். பாத்தியில் கட்டிய தண்ணீர் சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது, வெயிலில் காய வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம். லாரி குறைந்தது. என்னை மாதிரி உண்டா என்று மூன்று வாரம் மிதப்பாகத் திரிந்தேன்.

நான்காவது வாரம், ஒரு கல்யாண வரவேற்பின் நடுவில் ஏசியின் பெரிய மெஷின் நின்றுபோனது. மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது. மறுநாள் கழற்றிப் பார்த்தால், குழாய்களுக்குள் வெள்ளைவெளேரென்று உப்பு படிந்து கிடந்தது.

"ஏம்மா, இங்க என்ன உப்பளமா நடத்துற?" என்று இன்ஜினியர் சார் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாய் முந்திக்கொண்டது.

"உப்பளத்துல கண்ண மூடிக்கினு வேல செய்ய மாட்டாங்க சார். மீட்டர் போட்டு பாத்துதான் தண்ணிய பாத்திக்குப் பாத்தி மாத்துவாங்க. உப்பு எடுத்தப்புறம் நிக்கிற கசப்புத் தண்ணிய வெளிய உட்ருவாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அந்தக் கசப்புத் தண்ணீரை விடாமல் வைத்திருந்தால் அடுத்த உப்பு கெட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் எப்படி மறந்தேன்? வெட்கமாகப் போய்விட்டது.

"தப்பு என்னுதுதான் சார். ஒரு மீட்டர் வாங்கிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா பழையபடி தெறந்து உட்ருவேன். அப்புறம் யாரும் அத தொடக் கூடாது," என்றார்.

பழையபடி என்றால் அக்காவின் கிணறு மறுபடி வற்றும். அது அவருக்குத் தெரியாது.

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மீட்டர் வந்தது. எந்த அளவு வரை தாங்கும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது, இத்தனை நாளும் யாரும் புரட்டாத புத்தகம். ஷிப்டுக்கு இரண்டு முறை அளந்தேன். எல்லையைத் தொட்டால் திறப்பேன், இறங்கியதும் மூடுவேன். அப்போது இன்னொரு கூத்தும் தெரிந்தது. தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய மிதவை உயரமாக இருந்ததால், நல்ல தண்ணீரே ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடப்பாவிகளா! மிதவையை இறக்கி வைத்தேன். சித்திரை வெயிலிலும் மெஷின் நிற்கவில்லை. நாலு லாரி வந்த இடத்தில் இரண்டு போதும் என்றானது. கிளியனூர்ப் பக்கத்து லாரியை முதலில் நிறுத்தச் சொன்னேன். சாரும் அப்படியே நிறுத்திவிட்டார்.

மல்லாட்டை பிடுங்குகிற அன்று லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொத்துக் கொத்தாகக் காய். கிணறு கடைசித் தண்ணி வரைக்கும் கை கொடுத்ததாம். நான் விடுவேனா? இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எல்லாம் யாரால?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"தண்ணி குடுத்தவ மாதிரி பேசாத. எடுக்கறத நிறுத்தின, அவ்ளோதான்."

இல்லாத காலரை இறக்கிவிட்டுக்கொண்டு, நானும் ஒரு செடியைப் பிடுங்கக் குனிந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.