நான்காம் எண் பலகை

இராஜமாணிக்கம் முப்பத்தோரு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் நாலு பேருடைய அபிப்பிராயம் எழுத்தில் வராமல் ஒரு கத்திரிக்காய்கூட வாங்க மாட்டார். ஓய்வு பெற்று, டெல்லி துவாரகாவில் சொந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் அவரை விடவில்லை.

அவர் மனைவி லீலாவதிக்கு அந்த வீட்டில் ஒரே ஓர் ஆசை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அவள் பார்த்த கதவு, அலமாரி எல்லாவற்றிலும் பெயிண்டுக்கு மேல் பெயிண்ட். உள்ளே இருப்பது என்ன மரம் என்றே தெரியாது. அதனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு தேக்கு மேடை போட வைத்தாள். அதன் ரேகை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கிளியர் பாலிஷ்தான் வழி. ஆனால் எது? தப்பானதைப் பூசிவிட்டால் மேடை பாழ்.

பாலிஷ் போடும் இர்ஃபான், மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் ஐந்து வகை பூசிக் கொடுத்தார். இராஜமாணிக்கம் பின்பக்கம் எண் எழுதி, கருத்து எழுத ஒரு தாளும் வைத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சுற்றில் விட்டார். மாடி வீட்டு சந்திரசேகர், பளபளவென்றிருந்த இரண்டாம் எண் லாக்கர் பாலிஷைப் புகழ்ந்தார். பதினோரு பேரில் எட்டுப் பேர் அதையே சொன்னார்கள். மூன்று வாரம் ஓடிப்போயிற்று. திங்கட்கிழமையை விட்டால் தீபாவளிக்கு அப்புறம்தான் என்று இர்ஃபான் சொல்லிவிட்டார். நான்காம் எண் பலகை முதல் நாளே காணாமல் போயிருந்தது. இராஜமாணிக்கம் 'கிடைக்கவில்லை, விட்டுவிடலாம்' என்று குறிப்பெழுதி, இரண்டாம் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை காபிக்காகச் சமையலறைக்குள் போனவர் நின்றுவிட்டார். சூடான டபரா ஒரு பலகைமேல் இருந்தது. எடுத்துப் புரட்டினால், நான்கு என்று அவர் கையெழுத்து. மூன்று வாரமாக மஞ்சள், டிகாக்ஷன், எண்ணெய் எல்லாம் பட்ட பலகை. ஈரத்துணியால் துடைத்தார். கறை இல்லை. பளபளப்பில்லாத பூச்சுக்கு அடியில் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. லீலாவதி இரண்டாம் எண் பலகையையும் எடுத்துக் காட்டினாள். நேற்று டபரா வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம்.

"ஏன் லீலா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க சுத்துக்கு விட்ட பேப்பர்ல பதினோரு பேரு இருந்துச்சுங்க. என் பேரு இல்லையே" என்றாள், கோபமில்லாமல், காபியை ஆற்றிக்கொண்டே.

அவருக்குச் சுருக்கென்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்த மேடையில் தினமும் புழங்கப்போகிறவள் அவள். அவளை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கேட்டிருக்கிறார்.

வாசல் மணி அடித்தது. இர்ஃபான் பிரஷ்ஷோடு உள்ளே வந்து, எதைப் பூசுவது என்று இந்தியில் கேட்டார். இராஜமாணிக்கம் கையெழுத்துப் போட்ட தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மேடம்தான் சொல்லணும் பாய்" என்றார். தமிழில் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. இர்ஃபானுக்குப் புரிந்துவிட்டது.

லீலாவதி நான்காம் எண் பலகையை எடுத்து நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் அன்றைய காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.