தரிசன டியூட்டிக்கு எந்தக் கட்டம்?

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. நான் இன்னும் பென்ஷன் வாங்க வேண்டும். திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகம், அதில் நான் உதவியாளர். அவ்வளவு போதும்.

செயற்கை நுண்ணறிவுக் காலத்துக்கு ஏற்ப அரசு ஊழியர்களைத் தயார்படுத்துவது என்று நம் அரசும் ஒரு குளிர் நாட்டு அரசும் கைகுலுக்கிக்கொண்டன. கைகுலுக்கிய படம் பேப்பரில் வந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு படிவம் வந்தது. ஒரு மாதம், ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன வேலை பார்த்தோம் என்று கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். தட்டச்சு, கோப்புப் பரிசீலனை, ஒருங்கிணைப்பு, முடிவெடுத்தல் என்று நான்கு கட்டங்கள். எதை மெஷினிடம் கொடுக்கலாம், எதற்கு மனிதன் வேண்டும் என்று இதை வைத்து நிபுணர்கள் சொல்வார்களாம்.

முதல் நாளே சிக்கல். எங்கள் ஊரில் அரசு வேலையில் பாதி தரிசன டியூட்டி. மேலிடத்திலிருந்து போன் வரும். "நமக்கு வேண்டியவங்க வர்றாங்க, கொஞ்சம் பாத்துக்குங்க." உடனே கிளம்ப வேண்டும். கார் நிறுத்த இடம் பிடித்து, செருப்பைக் காவல் காத்து, பக்கவாசல் வழியாகச் சன்னதி வரை கூட்டிப்போய், மாலையும் பிரசாதமும் வாங்கித் தந்து, கிரிவலம் போக ஆசைப்பட்டால் காரிலேயே மலையைச் சுற்றிக்காட்டி வழியனுப்ப வேண்டும். பௌர்ணமியன்று எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும்தான் வேலை பார்க்கும். இந்த டியூட்டிக்கு எந்த அரசாணையிலும் பெயர் கிடையாது. படிவத்திலும் கட்டம் இல்லை.

எங்கள் அதிகாரி அரை நிமிடம்தான் யோசித்தார். "ஒருங்கிணைப்புல போட்டுடுங்க" என்றார். போட்டோம். நான் டீக்கடையில் நின்ற நேரத்தையும் சேர்த்துக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன்.

தரிசன டியூட்டி பார்க்காத ஒரே ஆள், மனுக்களைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்தப் பெண். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கோயில் வாசலில் நிற்கும் நேரமெல்லாம் அலுவலகத்தை நடத்தியது அவள்தான். மனுவில் சர்வே எண் விட்டுப்போயிருந்தால் போன் போட்டுக் கேட்பாள். ஒருவர் பட்டா கேட்டு எழுதியிருப்பார். உட்காரவைத்துப் பேசினால், அவருடைய உண்மையான பிரச்சினை பங்காளி மறித்த வண்டிப்பாதை என்று தெரியவரும். அதற்கு வேறு மனு எழுதித் தருவாள். (எந்தத் துறை என்று இப்போது கண்டுபிடித்திருப்பீர்கள். மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். "சார், ஜனங்ககிட்ட பேசறேன் இல்ல, அத எதுல போடறது?"

வாசலில் கார் வந்து நின்றிருந்தது. எனக்கு அவசரம். "நீ டைப்பிங்தானேம்மா. எல்லாத்தையும் அதுலயே போட்டுடு" என்றேன்.

அப்படியே போட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கட்டம்.

அறிக்கையோடு அந்தக் குளிர் நாட்டிலிருந்து நிபுணரே வந்தார். நல்ல உயரம், சாந்தமான முகம். திரையில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் அலுவலகத்தின் ஒருங்கிணைப்புத் திறன் அபாரமாம். தன் நாட்டிலேயே இப்படிக் கண்டதில்லையாம். மெஷின் இதன் பக்கத்தில்கூட வர முடியாதாம். எங்களுக்கெல்லாம் சான்றிதழ். எல்லோரையும்விட அதிகம் ஒருங்கிணைத்தவன் என்பதால் எனக்கு அவர் நாட்டில் பத்து நாள் பயிற்சி.

அடுத்த படத்தில் ஒரு சிவப்புக் கட்டம். முழுக்கத் தட்டச்சு. அதை இனி மென்பொருள் பார்த்துக்கொள்ளும், ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்றார் எங்கள் அதிகாரி. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அவள் கட்டம் பொய், அதை எழுதச் சொன்னது நான் என்று. சொன்னால் என் கட்டங்களின் கதையும் வெளியே வரும், பயிற்சியும் போகும். அதனால் கைதட்டினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று அவ்வளவாக இல்லை.

மறுநாள் நிபுணருக்குக் கோயில் பார்க்க ஆசை வந்துவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்?

உச்சிவெயிலில் பக்கவாசலை நெருங்கினோம். நிபுணர் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சுடுகல்லில் குதித்துக் குதித்து நடந்தார். என் ஒரு கையில் அவருடைய ஷூ, இன்னொரு கையில் அவருக்கு வாங்கிய மாலை. பக்கத்திலேயே பொது வரிசை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எதை வேண்டிக்கொள்ள என்று நான் கேட்க வேண்டியதில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஷூவைப் பார்த்தாள்.

"சார், ஒருங்கிணைப்புனா இதுங்களா?"

குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நிபுணர் ஆர்வமாகத் திரும்பி, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு வணக்கம் சொல்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் முகம் மலர்ந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். ஒன்றும் புரியாமல் அவளும் கைகூப்பினாள்.