ஷிப்ட் நோட்டில் நான் எழுதிய வரிகள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது, எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். அதனால் இதை இத்தனை வருடம் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1996ஆம் வருடம் பெங்களூரில் நடந்தது. அப்போது ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். மகாதேவபுரா பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் எனக்குப் பவர் பிரஸ் ஓட்டும் வேலை. வட்டத் தகட்டை மெஷினுக்குள் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து கனமான இரும்பு இறங்கி, தகட்டைக் கிண்ணம்போல அமுக்கிவிட்டு மேலே போய்விடும். மின்விசிறிக்கு மாட்டுகிற மூடி அது. கையை உள்ளே விட்டு அதை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஓர் அடி. அதை நம்பித்தான் எங்கள் விரல்கள் நாள் முழுக்க உள்ளே போய் வந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நம்பர் மெஷினில் காலை ஷிப்ட் நான். மதியம் இரண்டு மணிக்கு என்னிடமிருந்து மெஷினை வாங்கிக்கொள்பவர் வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சின்னவர். நான் பேசாதவன் என்பதால் எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். "எங்க அண்ணா வாயத் தொறந்தா முத்து கொட்டிடும், அதான் பூட்டு போட்டு வச்சிகீறாரு" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வராது. அந்த ஷெட்டில் என்னைக் கூப்பிட்டுப் பேசிய ஒரே நண்பர் அவர்தான்.

அன்று காலை மெஷின் ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கியது. முதல் தடவை, நான்தான் பெடலிலிருந்து காலைச் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்தேன். பத்து மணிக்குள் மறுபடி. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. கட்டை விரலில் வெட்டுக்காயம் இருந்ததால், அன்று மட்டும் நான் கையை விடாமல் ஒரு கம்பிக் கொக்கியால் மூடியை எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அந்தக் கொக்கி தகடுபோல நசுங்கிவிட்டது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மாதம் முன்பு இன்னொரு கோளாறைச் சொன்னபோது, "மெஷின் சென்னாகிதே மாராயா, நல்லாத்தான் இருக்கு, உன் காலுதான் நடுங்குது. வயசாச்சுன்னா ஊருக்குப் போ" என்று கன்னடமும் தமிழும் கலந்து சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அது இன்னும் நெஞ்சில் இருந்தது. மெஷினை நிறுத்தினால் நின்ற நேரத்துக்கு யார் பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது.

வழக்கமாக இரண்டு மணிவரை இருந்து நண்பரிடம் நேரில் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அரை மணி நேரம் முன்னால் போக அனுமதி வாங்கியிருந்தேன். அப்படிப் போகிறவர், மேஜைமேல் இருக்கும் ஷிப்ட் நோட்டில் மெஷினைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான். ஒன்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட லீவு லெட்டர், மற்றொன்று ஊருக்குப் போடும் கடிதம். அந்த இரண்டையும் கலந்து எழுதினேன். இன்றும் எனக்கு மனப்பாடம்.

"மதிப்பிற்குரிய நண்பருக்கு, வணக்கம். நான் நலம், தங்கள் நலமறிய ஆவல். மேற்படி மூன்றாம் நம்பர் மெஷினில் இன்று காலை முதல் சிறு தொந்தரவு இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆகையால் தாங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சூப்பர்வைசரும் அந்த நோட்டைப் பார்ப்பார். அவரும் கோபப்படக் கூடாது, நண்பருக்கும் சொன்னதாக இருக்க வேண்டும். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மரியாதையாக, நன்றாக எழுதியிருப்பதாகவே பட்டது. நிம்மதியாகப் பஸ் பிடித்தேன்.

மறுநாள் காலை போனபோது மூன்றாம் நம்பர் மெஷின் அடியில் மரத்தூள் கொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மெஷின்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன் பார்ட்னருக்கு வலது கை. மூணு வெரலு."

எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதலில் என் மனதில் வந்தது அவருடைய கை அல்ல. 'அவர் நோட்டைப் படித்திருக்கக் கூடாது' என்பதுதான். படிக்காமல் உட்கார்ந்திருந்தால் தப்பு அவருடையது, படித்திருந்தால் என்னுடையது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது.

அவர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தந்தார். நண்பரின் கையில் பெரிய கட்டு. முகம் வெளுத்திருந்தாலும் அவர் பேச்சு மாறவில்லை.

"வா ணா. இன்னா வாசல்லயே நிக்கிறே? பிஸ்கெட் கீது, எடுத்துக்க. பாக்கெட்ட மட்டும் நீயே பிரி, எனக்கு ஆவாது."

நான் பிரிக்கவில்லை. கேட்டேன். "நோட்டுல எழுதிவச்சிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன் ணா. பாக்காம உக்காருவேனா? தொந்தரவுன்னு போட்டிருந்தியா, பெல்ட்டு லூசா இருக்கும்னு இறுக்கினேன். எண்ணெய் விட்டேன். அப்புறமும் அஞ்சு நிமிஷம் சத்தத்தக் கேட்டுப் பாத்தேன். நல்லாத்தான் ஓடிச்சி." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா தொந்தரவு ணா அது?"

"ஒரு மிதிக்கு ரெண்டு தடவ எறங்குச்சு."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. நஷ்ட ஈடு கேட்டு அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனபோது, ஷெட்காரர்கள் அந்த நோட்டையே கொண்டுவந்தார்கள். கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியே கொடுத்திருக்கிறோம், கேட்காதது அவர் தப்பு என்றார்கள். அவருக்காக எழுதியது அவருக்கே எதிராக நின்றது. அவர் என் வீட்டுக்கு வந்து, "சாட்சி சொல்ல உனக்கு வாய் வராது ணா. எழுதியாவது குடு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். முதலில் வழக்கம்போல 'உயர்திரு அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு' என்றுதான் ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன். அப்படி ஆறேழு காகிதம். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன்.

"மூன்றாம் நம்பர் பிரஸ், பெடலை ஒரு முறை மிதித்தால் இரண்டு முறை இறங்கியது. அன்று காலை எனக்கு மூன்று தடவை அப்படி நடந்தது. பயத்தால் நான் அதை நோட்டில் எழுதவில்லை."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் படித்துக் கன்னடத்தில் சொன்னார். முதலில் என் பழைய குறிப்பு. அதைப் படித்தவர் இரண்டு இடத்தில் நின்று, "இதுல இன்னா சொல்றாரு?" என்று எங்களையே கேட்டார். பிறகு புதுக் காகிதம். அதை நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதிகாரி எதையும் திருப்பிக் கேட்கவில்லை. நிமிர்ந்து என் நண்பரின் கையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நண்பர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணே வரிதான் இல்ல ணா?" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

என்னை ஷெட்டில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவருக்கு நஷ்ட ஈடு கிடைக்க ஒன்றரை வருடத்துக்குமேல் ஆனது. பிறகு குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. எழுத முடியாததாலா, எழுதப் பிடிக்காததாலா, எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு குடோனில் காவல் வேலை செய்கிறேன். அங்கேயும் ஒரு நோட்டு உண்டு. பேனாவை எடுத்தால், இதைப் படித்துவிட்டு ஒருவர் எங்கே கையை வைக்கப் போகிறார் என்பதுதான் முதலில் என் கண்முன் வருகிறது. அதற்குப் பிறகு மரியாதைக்கு ஒரு வார்த்தைகூட எழுத எனக்குத் தைரியம் வருவதில்லை.

எழுதி முடித்தது: 18-7-2004, ஞாயிறு.