தேவராஜ் அண்ணனுக்குத் தனி டப்பா

ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் ஒரு பெட்டி நட்டு போல்ட் காணாமல் போனால்கூட ஆடிட்டில் சமாளித்துவிடலாம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டாஞ்சோற்றில் பெயர் கெட்டால் ரிட்டையர் ஆகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் இந்தக் கூத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். எங்கள் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக் கதையையும் கேளுங்கள்.

சீட்டு ஒட்டிய டப்பா

தொண்ணூறுகளின் கடைசி. கூட்டாஞ்சோறு என்றாலே தேவராஜ் அண்ணன்தான். பக்கத்து ஊர் சட்ராஸ்காரர், சரக்கு இறக்கும் வேலை, சத்தமான ஆள், பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவர். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று லீவு லெட்டரிலிருந்து தெரிந்ததும் எங்கள் சூப்பிரண்டு விஜயா மேடம், பாவம், விடியற்காலையில் எழுந்து கேழ்வரகுப் புட்டு அவித்து, ஸ்டாஃப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாதே என்று மூடியில் ஒரு சீட்டு: 'சுகர் பேஷண்டுக்கு மட்டும்'. அண்ணன் படித்தார். முகம் செத்துப்போயிற்று. "இன்னா மேடம், கேண்டீன் பூனைக்குக்கூட தெரியாம வெச்சினு இருந்தேன், இப்டி போஸ்டர் ஒட்டிட்டீங்களே!"

பாகற்காய் மாநாடு

அடுத்த மாசம் அண்ணன் பந்திக்கே வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த மாசமாவது அவரைச் சந்தோஷமாகச் சாப்பிட வைக்கணும் என்று எல்லோருக்கும் ஆசை. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை, அதுதான் வந்த வினை. மூடியைத் திறக்கத் திறக்க பாகற்காய் வறுவல், பாகற்காய் பொரியல், பாகற்காய் பிட்லை, கொள்ளு ரசம், உப்பில்லாத கீரை. சோறு யாருமே கொண்டுவரவில்லை.

அண்ணனை இழுத்துவந்து உட்காரவைத்தால், அத்தனை பேர் கண்ணும் அவர் தட்டில்தான். ரெண்டு வாய் மென்றுவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். அணுபுரத்திலிருந்து வரும் இன்ஜினியர் கார்த்திக் வெறும் தட்டோடு நின்றார். "மேடம், எனக்கு ஒரு வியாதியும் இல்லையே, நான் எதைச் சாப்பிடறது?"

மேரி அக்கா சொன்னது

சிரித்தோமே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் எங்கள் கண்ணெதிரே இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதைச் சாப்பிடுகிறாரா இல்லையா என்று அவர் மனைவி மேரி அக்காவிடம் கேட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமை, கீரை எல்லாம் ஆக்கிப் போட்டுகினுதான் கீறேன், ரெண்டு வாயோட எயிந்துடறாரு. உங்களோட குந்தித் துன்னாத்தாம்மா அந்த மனுசனுக்கு எறங்கும்."

முதலில் நாம்

அதற்கப்புறம் செக்‌ஷனில் கூடிப் பேசி ஒரு பந்தி மரியாதை வைத்துக்கொண்டோம். சீட்டு கிடையாது. யாருக்கென்று சொல்லக் கூடாது. டயட் ஐட்டம் சோறும் குழம்புமாக ஒரே ஒரு ஜோடி, அதையும் எல்லோரும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். மேரி அக்காவிடம் பக்குவம் கேட்டு, சாமைச் சோறும் தேங்காய் போடாத சங்கரா மீன் குழம்பும் நான் கொண்டுபோனேன். அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, குழம்பு பிரமாதமாக அமைந்துவிட்டது. முதலில் போட்டுக்கொள்ளும் மரியாதையும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அண்ணன் கரண்டியை விட்டபோது சட்டி சுரண்டும் சத்தம்தான் கேட்டது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. அவரோ கார்த்திக்கின் தட்டை இழுத்து, பாதியை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டே, பல மாசமாக நாங்கள் கேட்காத அந்தப் பழைய குரலில் கத்தினார்: "அடப்பாவிங்களா, அல்லாத்தையும் நீங்களே துன்னுட்டா எனக்கு இன்னாடா வெச்சீங்க?"

டயட் சாப்பாடு கொண்டுபோவதில் நாங்கள் கற்ற ஒரே நாகரிகம், யாருக்காகச் சமைத்தோமோ அவரே சண்டை போட்டுப் பிடுங்கித் தின்னும்படி நடந்துகொள்வதுதான்.