வேலியோரம் குறைந்த கல்

என் மகள் இப்போதுதான் எண்ணப் பழகுகிறாள். கிண்ணத்தில் கடலை குறைந்தால் உடனே தம்பியின் கன்னத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நான் சொல்லித்தரவில்லை. ஆனாலும் என்னிடமிருந்துதான் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நாலாம் வகுப்பு படிக்கும்போது என் மாமாவை நான் அப்படித்தான் பார்த்தேன்.

பாப்பாரப்பட்டிக்கு அந்தப்பக்கம் எங்கள் ஊர். அப்பாவின் தங்கையை அம்மாவின் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போட வருகிறவர்கள் சேற்றை மிதிக்கக் கூடாது என்று, வாசல் முழுக்கப் பலகைக்கல் பதிக்க அப்பா முடிவு செய்தார். பென்னாகரத்தில் வேலை பார்த்த அவர் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். வாசலை அவர் அளக்கவில்லை. பாகம் பிரித்தபோது அளந்த நீளமும் அகலமும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் சிலேட்டில் பெருக்கி, ஒரு கல்லின் பரப்பால் வகுத்தேன். உடைசலுக்குக் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார். விடை வந்ததும் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மாமா பாறையிலிருந்து வண்டியில் கல் கொண்டுவந்தார். மாப்பிள்ளையே மண்வெட்டி பிடித்துப் பதிக்கவும் செய்தார். சுவரோரம் தொடங்கி வரிசையாக வந்த கல், வேலிப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வெறும் மண்ணை விட்டுவிட்டுத் தீர்ந்துபோனது.

"கணக்கு பொய் சொல்லாது மாப்ள. கல்ல எங்க எறக்குன?" என்றார் அப்பா.

"ஏத்துனதெல்லாம் இங்கதாங்க மாமா கெடக்குது."

"அப்ப எம்பொண்ணு போட்ட கணக்கு தப்பா?"

என் கணக்கு தப்பாக இருக்க முடியாது. ஆகவே மாமாதான் திருடர். மறுநாள் காலையில் அவர் வண்டியில் கிடந்த வைக்கோலைக் கிளறிப் பார்த்தேன்.

"என்னா கணக்குப்புள்ள, வைக்கோலுக்குள்ள கல்லு மொளைக்குதா?" என்று மாமா சிரித்தார். சிரிக்கிறவரை நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியம்மா வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். "எங்கூட்டு முருங்கையப் பாரு கண்ணு. நட்டப்ப வேலிக்கு எட்டத்தான் இருந்துச்சு. வருசா வருசம் உங்கூட்டப் பாத்து நடந்து வருது" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து வாசலின் அகலத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கு முன்பும் முள் வெட்டிவந்து வேலியைப் புதிதாகக் கட்டுவது அம்மாதான். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கொறஞ்ச கல்லு வராம பரிசம் கெடையாது. திருட்டுப் பயலுக்கு எந்தங்கச்சியக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பென்னாகரம் கிளம்பினார்.

மாமா "சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான். ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே நான் முடிவு கட்டினேன்.

அந்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வெறும் மண்ணே தெரியவில்லை. கல் வேலிவரைக்கும் இருந்தது. மழைக்கு இன்னும் நாள் இருந்தபோதிலும் வேலியும் புதிதாக இருந்தது. சனிக்கிழமை அப்பா வாசலில் இங்குமங்கும் நடந்து பார்த்தார். "அதட்டுனாத்தான் கல்லு வூடு வந்து சேருது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மாமா மறுக்கவில்லை.

பரிசம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் அம்மா மாமாவின் இலையில் மட்டும் திரும்பத் திரும்ப நெய் ஊற்றினாள். "போதுங்கக்கா" என்று தடுத்தவர், அவள் கையெல்லாம் இருந்த முள் கீறல்களைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். திருடினவருக்கு எதற்கு இவ்வளவு நெய் என்று எனக்குக் கோபமாக வந்தது.

கை கழுவ வந்த பெரியம்மா என் காதருகே குனிந்தார். "பாத்தியா கண்ணு, எம் முருங்கை திரும்பி நடந்து போயிருச்சு."

நான் மறுபடியும் சிரித்தேன். மரம் நடக்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வேலி நடக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.